கல்லில் ஏறாத பெயர்கள்

டிக்கோயாவில், காசல்ரீ நீர்த்தேக்கத்திற்கு அண்மையில், வார்லி தேவாலயம் என்னும் சிறு தேவாலயம் ஒன்று உண்டு. 1878ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது அது. இலைநோய் கண்டு கோப்பிச் செடிகள் மடிந்துகொண்டிருந்த காலம். தேயிலை மெல்லத் தலையெடுத்துக்கொண்டிருந்த காலம். அதன் முற்றத்திலே தோட்டத்துரைமாரும் அவர்தம் குடும்பத்தாரும் புதைக்கப்பட்டுள்ளனர். இன்னும் மேலே சென்றால், பொகவந்தலாவையிலுள்ள புனித மரியாள் தேவாலய முற்றத்தில், ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராக உலகம் போற்றும் ஜூலியா மார்கரெட் கமரோன் அம்மையாரின் கல்லறை இருக்கின்றது. 1879இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு மறைந்த அவருடைய கணவரும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். நூறு ஆண்டுகளுக்கு மேலாக மழையும் பனியும் பாசியும் தாக்கிய பின்னரும், அம்மையார் யார், எப்போது மறைந்தார் என்பதை அங்கே செல்லும் எவரும் கல்லைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம்.

தேவாலய மதிலுக்கு அப்பால் தேயிலை. அத்தேயிலைச் சரிவுகளிலும் மனிதர் புதைந்து கிடக்கின்றனர். அவர்களுக்குக் கல் இல்லை. காட்டை வெட்டியவன், கானை வெட்டியவன், கொழுந்தெடுத்தவள், பிரசவத்தில் இறந்தவள், கொள்ளை நோயில் போனவன் எனப் பலர். தோட்டத்து ஓரத்தில், தேயிலை நடுவதற்கு உதவாத மூலையொன்றில், அவர்களைப் புதைத்தார்கள். சில ஆண்டுகளில் புல் மூடும். சில இடங்களில் தேயிலையே மூடிவிடும்.

இவ்வேறுபாட்டைக் கண்டு ஆத்திரங்கொள்வது எளிது. அதனினும் கடினமான கேள்வி ஒன்று உண்டு. இறந்தவனுக்கு உயிருள்ளோர் கடன்பட்டிருக்கின்றனரா? பட்டிருப்பின், அக்கடன் எல்லார்க்கும் உரியதா, வீழ்ந்தவர் என்று அரசு முத்திரை குத்தியவர்க்கு மட்டும் உரியதா? போர்வீரரின் கல்லறைகளை வைத்துத்தான் இக்கேள்வியைச் சரியாக ஆராய முடியும் என்று எனக்குத் தோன்றுகின்றது. ஏனெனில், வறியவனின் பெயரும் கல்லில் ஏற வேண்டும் என்னும் எண்ணத்தை நவீன உலகம் முதன்முதலிற் பெரிய அளவில் ஏற்றுக்கொண்டது அங்கேதான்.

1914ஆம் ஆண்டிலே போர் மூண்டபோது இம்மலைகளிலிருந்து ஒரு படை புறப்பட்டது. இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை என்பது அதன் பெயர். தென்னாபிரிக்காவில் போயர் போர் நடந்துகொண்டிருந்த 1900ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அப்படையில் ஐரோப்பியர் மட்டுமே சேரலாம். இருநூறுக்கு மேற்பட்டோர் எகிப்துக்குக் கப்பலேறினர், 1915இல் கல்லிப்போலிக் கரையில் இறங்கினர், பலர் திரும்பவில்லை. அதே 1915இல், சிங்கள முஸ்லிம் கலவரத்தை அடக்கவென இலங்கையில் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது, இங்கே எஞ்சியிருந்த துரைமாரும் துப்பாக்கி ஏந்தினர் என்பதையும் சேர்த்தே நினைவிற் கொள்ள வேண்டும். வீரன் என்ற சொல் எவ்வளவு வழுக்கும் சொல் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மலைநாட்டில் போர்வீரருக்கென்றே அமைந்த கல்லறைத் தோட்டம் கண்டியில் உள்ளது. அது இரண்டாம் உலகப் போரின் விளைவு. 1944இல் தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தலைமையகம் பேராதனைக்கு வந்தது. பர்மாப் போர்முனைக்குச் செல்லவிருந்த கிழக்கு ஆபிரிக்கப் படைப் பிரிவு இலங்கைக் காடுகளிலே பயிற்சி பெற்றது. அக்காலத்தில் இறந்தவர்களுள் ஏறத்தாழ இருநூறு பேர் அங்கே கிடக்கின்றனர். பிரித்தானியர், கிழக்கு ஆபிரிக்கர், இலங்கையர், கனடியர், போர்க் கைதிகளாக வந்த இத்தாலியர் எனப் பல நாட்டினர். புல் சீராக வெட்டப்பட்டிருக்கும், பூச்செடிகள் இருக்கும், கற்கள் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில் நிற்கும். அதிகாரிக்கு ஓர் அளவு, சிப்பாய்க்கு ஓர் அளவு என்பது அங்கே இல்லை.

இச்சமத்துவம் தானாக வந்ததன்று. 1815இல் வாட்டர்லூப் போர்க்களத்தில் மடிந்த சாதாரணச் சிப்பாய்கள் பெருங்குழிகளில் ஒன்றாகத் தள்ளப்பட்டனர். கல் பெற்றவர் பெரும்பாலும் அதிகாரிகளே. நூறாண்டு கழித்து, 1917இல், பேபியன் வெயர் என்பவரின் முயற்சியால் ஏகாதிபத்தியப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு தோன்றியது. மூன்று விதிகளை அது வகுத்தது. இறந்த ஒவ்வொருவனுக்கும் பெயர் பொறித்த நினைவு இருக்க வேண்டும். பதவி, குலம், மதம் பார்த்து வேற்றுமை செய்தலாகாது. உடல்களைத் தாய்நாட்டுக்குக் கொண்டுசெல்லலாகாது. பணம் படைத்தவன் தன் மகனை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோக, ஏழையின் மகன் அந்நிய மண்ணிற் கிடப்பது ஒவ்வாது. பிரபுக் குடும்பங்கள் இவற்றைக் கடுமையாக எதிர்த்தன. 1920 மே 4ஆந் தேதி பிரித்தானியப் பாராளுமன்றத்திலே இதுபற்றி நீண்ட விவாதம் நடந்தது. விதிகள் நிலைத்தன.

ஏன் நிலைத்தன? ஆளும் வர்க்கத்தின் உள்ளம் திடீரெனக் கனிந்துவிட்டது என்று நம்புவதற்கு இடமில்லை. 1916இல் பிரித்தானியாவில் கட்டாயப் படைச்சேர்ப்பு வந்தது. சுரங்கத் தொழிலாளியும் நெசவாலைத் தொழிலாளியும் அகழிகளுக்குள் அனுப்பப்பட்டனர். 1918இல் வயது வந்த ஆண்கள் அனைவருக்கும், பெண்களில் ஒரு பகுதியினருக்கும் வாக்குரிமை கிடைத்தது. அவ்வாண்டுக்கு முந்திய ஆண்டில் உருசியாவிலே போர் வீரரும் தொழிலாளரும் சேர்ந்து என்ன செய்தனர் என்பதை இலண்டனில் எவரும் அறியாதிருக்கவில்லை. வாக்குச் சீட்டைக் கையில் வைத்திருக்கும் தாயிடம் சென்று, உன் மகனைக் குழியிலே தள்ளிவிட்டோம், பெயர் தெரியாது என்று எந்த மந்திரியாலும் சொல்ல முடியாத நிலை உருவாகியிருந்தது. ஆகவே கல்லில் ஏறிய அப்பெயர், அரசு போட்ட பிச்சையன்று. உயிரோடிருந்த வர்க்கம் பெற்ற உரிமையின் நிழல் அது. அந்த உரிமை எங்கே நின்றதோ, நிழலும் அங்கேயே நின்றது.

கிழக்கு ஆபிரிக்காவில் அது நின்றது. முதலாம் உலகப் போரின்போது அங்கே படைகளுக்குச் சுமை தூக்கவென இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் பிடித்துச் செல்லப்பட்டனர். பாதையில்லாக் காடுகளில் உணவும் வெடிமருந்தும் அவர்களின் தலைமேற் சென்றன. நோயாலும் பசியாலும் அவர்கள் மடிந்தனர். அவர்களுக்குக் கல் நடுவதில் பயனில்லை, அவர்கள் அதன் அருமையை உணரும் நிலையை அடையவில்லை என்று குடியேற்ற நாட்டு அதிகாரிகள் எழுதினர். ஆணைக்குழுவும் அதை ஏற்றுக்கொண்டது. நைரோபியிலும் மொம்பாசாவிலும் தார் எஸ் சலாமிலும் வெண்கலச் சிலைகளை நிறுவிக் கணக்கை முடித்தனர். அதே ஆணைக்குழு, இன்றைய பொதுநலவாயப் பெயருடன், 2021இல் வெளியிட்ட அறிக்கையில் இதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. 45,000 முதல் 54,000 வரையிலான ஆசிய, ஆபிரிக்க வீரர்கள் சமமின்றி நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர் வரை, பெயரின்றியோ அறவே நினைவின்றியோ விடப்பட்டனர் என்றும் அவ்வறிக்கை கூறுகின்றது. கண்டியிலே ஆபிரிக்கச் சிப்பாயின் பெயர் தாங்கிய கல்லைக் காண்பவர், கால் நூற்றாண்டு முன்னதாக இறந்திருப்பின் அவனுக்கு அது கிடைத்திருக்குமா என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சுமை தூக்கியவன் ஏன் விடப்பட்டான்? அவன் வீரன் அல்லன், கூலி. அச்சொல் நமக்குப் பழக்கமானது.

இங்கே ஓர் ஒப்புமையைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். பிரித்தானியச் சிப்பாயின் கழுத்தில் 1907ஆம் ஆண்டளவிலிருந்து ஓர் உலோக வில்லை தொங்கியது. அதில் அவன் பெயர், எண், படைப்பிரிவு, மதம் ஆகியன பொறிக்கப்பட்டிருந்தன. இறந்தால் இன்னான் இவன் என்று அறிந்து, அவன் மதப்படி புதைத்து, வீட்டுக்குச் செய்தி அனுப்புவதற்காக அது. ஏறக்குறைய அதே காலத்தில், 1901, 1902 அளவில், தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளியின் கழுத்திலும் ஓர் உலோக வில்லை தொங்கியது. தகரத் துண்டு, டின் டிக்கட் என்று நம் முதியோர் சொல்வது அதனைத்தான். அதில் அவன் பெயர் இல்லை. எந்தத் தோட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டியவன் என்பதைக் காட்டும் எண்தான் இருந்தது. வழிச்செலவை எந்தத் துரையின் கணக்கிற் பற்று வைப்பது என்று அறிவதற்காக அது. சரக்குப் பொதிமேல் எழுதும் விலாசத்துக்கும் அதற்கும் வேற்றுமை இல்லை.

ஆயினும் தோட்டத்துக்கு அவன் பெயர் தெரியாது என்று எண்ணிவிடக் கூடாது. நன்றாகவே தெரியும். ஒவ்வொரு நாட் காலையும் பிரட்டுக்களத்திலே பெயர் கூப்பிடப்பட்டது. செக்ரோலில் ஒவ்வொருவரின் பெயருக்கு எதிரே அரை நாளா முழு நாளா, எத்தனை இறாத்தல் கொழுந்து என்று பதியப்பட்டது. அதற்கு முன்னரே, துண்டு என்னும் கடன் சீட்டிலே பெயரும் கடன் தொகையும் எழுதப்பட்டன. அச்சீட்டு இன்றி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது. கடனை வசூலிக்க அவன் பெயர் தேவைப்பட்டது. வேலை வாங்கவும் தேவைப்பட்டது. அவன் இறந்தவுடன், செக்ரோலில் அப்பெயரின் மேல் ஒரு கோடு விழுந்தது. ஆக, பெயர் தொலைந்துபோகவில்லை. தேவையில்லை என்று விடப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் இவ்விடயத்தின் அறம் கிடக்கின்றது.

அந்தச் செக்ரோலுக்கும் வந்து சேராதவர் எத்தனை பேர்! கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தவர்களுள் வழியிலேயே வாந்திபேதிக்கும் பட்டினிக்கும் இரையானோர் தொகையை, 1849இல் கொழும்புப் பத்திரிகை ஒன்று, அப்பத்தாண்டில் மட்டும் 70,000 என மதிப்பிட்டது. மதிப்பீடு சற்று மிகையென்றே கொண்டாலும், பாதியே உண்மையென்றாலும், ஒரு போர்க்களத்துக்கு அது குறைந்ததன்று.

நம் நண்பர்கள் சிலர் இங்கே குறுக்கிட்டு இரண்டு வாதங்களை முன்வைப்பர். முதலாவது, ஏகாதிபத்தியத்தின் கூலிப் படைகளுக்கு எழுப்பிய கற்களை நாம் ஏன் மதிக்க வேண்டும் என்பது. நான் இதை ஏற்கவில்லை. அப்படையில் இறந்த பத்தொன்பது வயதுச் சிப்பாய் போரைத் தொடங்கியவனல்லன். கென்யக் குடிசையிலிருந்து வந்தவனுக்குப் பர்மாவில் என்ன பகை? அவனுடைய கல்லை இடிப்பதால் ஏகாதிபத்தியத்துக்கு ஒரு சேதமும் இல்லை. அவன் இரண்டாம் முறை சாவான், அவ்வளவே. கல்லில் என்ன எழுதப்பட்டிருக்கின்றது என்பதைக் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். மன்னனுக்காகவும் நாட்டுக்காகவும் இறந்தான் என்று எழுதும்போது, எந்த மன்னன், எவருடைய நாடு என்று மாணவரைக் கேட்கச் செய்வது ஆசிரியனின் கடமை. கேள்வி கேட்பதற்கும் அந்தக் கல் அங்கே நின்றாக வேண்டும்.

இரண்டாவது வாதம் வலியது. உயிரோடிருப்பவனுக்கு லயத்திலே ஒழுகாத கூரை இல்லை. சொந்தமென்று சொல்ல ஒரு பேர்ச்சஸ் காணி இல்லை. இந்நிலையில் செத்தவனுக்குக் கல் தேடுவானேன் என்பது. இதை வெறும் வாய்ப்பேச்சால் தள்ளிவிட முடியாது. கூலிக்காகப் போராடும் பெண்ணிடம் போய்ப் பாட்டியின் கல்லறையைப் பற்றிப் பேசுவோன் பரிகாசத்துக்கு ஆளாவான். ஆயினும், காணி இல்லாமையும் கல்லறை இல்லாமையும் வேறு வேறு நோய்களல்ல. புதைப்பதற்கும் நிலம் வேண்டும், அந்நிலம் தோட்டத்தினுடையது. 1948இல் குடியுரிமையும் அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிக்கப்பட்டபோது இம்மக்களுக்குச் சொல்லப்பட்ட நியாயம் என்ன? நீங்கள் இம்மண்ணுக்கு உரியவரல்லர் என்பதுதான். பாட்டன் இங்கே புதைந்துள்ளான் என்று காட்ட அவர்களிடம் கல் இல்லை. பதிவுகளும் போதிய அளவில் இல்லை. தந்தையின் பிறப்பையும் பாட்டனின் பிறப்பையும் சான்று காட்டி நிரூபிக்கச் சொன்னது அச்சட்டம்! 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. தலைமன்னாரிற் கப்பலேறி மண்டபம் முகாமுக்குப் போனவர்கள், தம் முன்னோர் ஒரு காலத்தில் அடைத்து வைக்கப்பட்டிருந்த அதே முகாமின் வாசலிலே இறங்கினர். அவர்கள் விட்டுச் சென்ற புதைகுழிகளுக்கு விளக்கேற்ற எவரும் இல்லாமற் போயிற்று. மலையகத்தின் கவிஞரும் தொழிற்சங்கவாதியுமான சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைக்கு அடியிற் கிடக்கும் முன்னோரைத் தம் பாட்டின் பொருளாகக் கொண்டது தற்செயலன்று. 1947இல் மக்கள் வாக்களித்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர் அவர். அம்மக்களின் வாக்கு அவர் கண்முன்னே பறிக்கப்பட்டது.

இது மலையகத்துக்கு மட்டும் உரிய கதையன்று. சயாம் மரண ரயில் பாதையில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், மலாயா இறப்பர்த் தோட்டங்களிலிருந்து யப்பானியர் கொண்டுசென்ற தமிழர் ஆயிரமாயிரமாக மடிந்தனர். ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் தொகை 90,000 வரை இருக்கும் என மதிப்பிடப்படுகின்றது. அங்கே காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள், ஒவ்வொன்றும் தனித்தனியே பேணப்பட்டு நிற்கின்றன. அப்பாதையிலே கிடந்த தமிழனுக்கு, எண்பது ஆண்டு கழித்து 2023இல், மலேசியத் தமிழர் அவ்வூரில் ஒரு நடுகல் நாட்டினர்.

நடுகல் என்ற சொல்லை அவர்கள் தேர்ந்தமை கருதத்தக்கது. கல்லைத் தேடிக் காண்பது முதல் வாழ்த்துவது வரை நடுகற் சடங்கை ஆறு துறைகளாக வகுத்தது தொல்காப்பியம். இதைப் படிப்பிக்கையில் பண்டைப் பெருமை பேசிவிட்டு நகர்ந்துவிடுகின்றோம். அக்கற்களில் இருப்போர் யாவர்? பெருவேந்தர் அல்லர். பெரும்பாலும் ஊராரின் மாடுகளை மீட்கப் போய்ப் பட்டவர்கள். செங்கத்துக்கு அண்மையில், எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கருந்தேவகத்தி என்னும் வீரனின் உருவத்தோடு அவனுடைய நாயின் உருவமும் அதிற் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்று அந்நாயின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. ஏழாம் நூற்றாண்டிலே ஒரு நாயின் பெயரைக் கல்லில் ஏற்றியது ஒரு சிற்றூர்! அக்காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அவ்வூரிலும் பெயரின்றிச் செத்த ஏழைகள் இருந்திருப்பர். ஆனால், நினைக்க வேண்டும் என்று ஓர் ஊர் முடிவு செய்தால் எழுத்தும் உளியும் ஒரு தடையன்று என்பதை அக்கல் காட்டுகின்றது.

தோட்டத் தொழிலாளியையும் வீரன் என்று அழைத்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று எண்ணுவோரும் உளர். அது சோம்பலான தீர்வு. கொழுந்துக் கூடையுடன் வழுக்கி விழுந்து இறந்தவளுக்கு வீரப் பட்டம் வேண்டியதில்லை. அவள் எதற்கும் தன்னைப் பலி கொடுக்கவில்லை. பிழைப்பதற்காகவே மலை ஏறினாள். அவளுடைய பெயர் வேண்டும், அவ்வளவுதான். போராடி வீழ்ந்தவர்களும் நம்மிடையே உண்டு. 1940 ஜனவரி 10ஆந் தேதி, போர் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருக்க, கண்டி மாவட்டத்து முல்லோயாத் தோட்டத்திலே கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள்மேல் பொலிஸார் சுட்டதிற் கோவிந்தன் இறந்தார். 1977 மே மாதம், தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்துத் திரண்ட மக்கள்மேல் சுட்டதில், தலவாக்கலைக்கு அண்மையில் டெவன் தோட்டத்து இளைஞர் சிவனு லெட்சுமணன் இறந்தார். இவர்களின் பெயரை மலையகம் மறக்கவில்லை. தொழிற்சங்கங்களும் எழுத்தாளரும் சொல்லிச் சொல்லிக் காத்த பெயர்கள் இவை.

நம் நாட்டுப் போரைப் பற்றிப் பேசாமல் இக்கட்டுரையை நகர்த்துவது கோழைத்தனமாகும். வடக்கிலும் கிழக்கிலும் தமிழீழ விடுதலைப் புலிகள் தம்முள் இறந்தவரைப் புதைத்துத் துயிலுமில்லங்களை அமைத்தனர். ஒரே அளவான கற்களும் ஒழுங்கான வரிசைகளும் அங்கேயும் இருந்தன. சிறுவரைப் போருக்கு இழுத்த அவ்வியக்கத்தின் செயலை நியாயப்படுத்த எவராலும் முடியாது. அவ்வாறு இழுக்கப்பட்ட சிறுவனும் அக்கற்களுள் ஒன்றின் கீழ்தான் கிடந்தான். போர் முடிந்த பின் அவை இடித்துத் தள்ளப்பட்டன. யாழ்ப்பாணத்துக் கோப்பாயில், துயிலுமில்லம் இருந்த இடத்தின்மேல் இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் 2011இல் திறக்கப்பட்டது. பத்தரமுல்லையில் அரசுப் படையில் இறந்தவர்களின் பெயர்கள் கல்லில் உள்ளன. அங்கே தன் மகனின் பெயரை விரலால் தடவும் சிங்களத் தாய் ஒரு விவசாயக் குடும்பத்தவளாகவே பெரும்பாலும் இருப்பாள். அவளிடம் எனக்கு எந்த வழக்கும் இல்லை. கோப்பாயில் மகனைப் புதைத்த தாய், முட்கம்பிக்கு வெளியே எந்த இடத்தில் நின்று விளக்கேற்றுவது என்பதே என் கேள்வி. 1971இலும் 1987 முதல் 1989 வரையிலும் தெற்கிலே காணாமற்போன இளைஞரின் தாய்மாருக்கோ கம்பி வேலிகூட இல்லை. எங்கே நிற்பது என்றே தெரியாது.

2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் இலங்கைக்கு வந்த இருநூறாவது ஆண்டை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் முடிந்தது. முன்னோர் நடந்து மடிந்த வழியிலே பேரப்பிள்ளைகள் நடந்தனர். வழியெங்கும் வணங்குவதற்குப் பெயரென்று ஒன்றும் இல்லை.

ஆனால் தோட்டங்களில் நிலைமை அவ்வாறில்லை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்கு மாறியது. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் காரியாலய அலுமாரிகள் காலி செய்யப்பட்டிருக்கும். எஞ்சியுள்ள செக்ரோல்களும் இறப்புப் பதிவேடுகளும் எத்தனை என்று தோட்டம் தோட்டமாகச் சென்று கேட்கும் வேலையை மேல் வகுப்பு மாணவர் சிலரைக் கொண்டே தொடங்கலாம். பழைய லயங்களில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டிமார் இன்னும் இருக்கின்றனர். எந்த மரத்தடியில் யாரைப் புதைத்தார்கள், அவர் எந்த ஊரிலிருந்து வந்தவர், என்ன நோயில் இறந்தார் என்று அவர்களிடம் கேட்டு எழுத ஒரு பயிற்சிப் புத்தகமும் பென்சிலும் போதும். கங்காணியின் பெயர்தான் முதலில் அவர்கள் வாயில் வரும். பொறுமையோடு உட்கார்ந்திருந்தால் மற்றப் பெயர்களும் வரும்.